வலதுபக்க மேல்கட்டில்

கப்பலில் முருகேஸ்வரியின் பொறுப்பில் பதினாறு கேபின்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு கட்டில், மேலே இரண்டு கட்டில். கீழே உள்ளவற்றை ஒட்டிப் போட்டு நடுவில் கொக்கி மாட்டினால் புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே கட்டில். பிரித்துச் சுவரோரம் தள்ளினால் அக்கா தங்கைக்கோ, சேர்ந்து வந்த சிநேகிதர்களுக்கோ தனித்தனிக் கட்டில். மேலே உள்ளவை பகலில் சுவரோடு மடங்கி நிற்கும். புதிதாக வருகிறவர் கண்ணுக்கு அவை அலமாரிக் கதவு மாதிரிதான் தெரியும். பூட்டைத் திருகி இறக்கினால் ரயில் பெர்த் போல நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஏணியை மாட்ட வேண்டும்.

கொச்சியில் கப்பல் நிற்கும் நாளில் காலை பத்து மணிக்குப் பழைய ஆட்கள் இறங்கி முடிப்பார்கள். ஒரு மணிக்குப் புது ஆட்கள் ஏறத் தொடங்குவார்கள். இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் அறுபத்து நாலு கட்டிலையும் அவள் தொட்டாக வேண்டும். எந்த கேபினில் சேர்க்க வேண்டும், எதில் பிரிக்க வேண்டும், எதில் மேல்கட்டிலை இறக்க வேண்டும் என்று காலையிலேயே ஒரு தாள் வரும். அந்தத் தாளை எழுதுகிறவர்கள் ஒரு நாளும் ஒரு மெத்தையைத் தூக்கிப் பார்த்ததில்லை என்று முருகேஸ்வரி சொல்வாள். சொல்லும்போது அவளுக்கு மூக்கு விடைக்கும்.

எனக்கு அவளைக் குமுளியிலிருந்து தெரியும். அங்கே ஒரு ரிசார்ட்டில் நான் சலவைப் பிரிவில் இருந்தேன், அவள் அறைகளைப் பார்த்துக்கொண்டாள். பீர்மேட்டுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீட்டில் பிறந்தவள். ஆறு வருஷம் ரிசார்ட்டில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தொன்பது வயதில் கப்பலுக்குப் போனாள். அவள் புருஷன் அஜய் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். பிள்ளைகள் இல்லை. கோபக்காரி என்று ரிசார்ட்டிலேயே பேர் வாங்கியிருந்தாள். அது வீண் கோபம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அவளுடைய அப்பா பழனிச்சாமி தேயிலைத் தொழிற்சாலையில் உருளை மெஷினில் வேலை செய்தவர். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அந்த மெஷின் அவருடைய இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவரிடம் ஒரு பேப்பரை நீட்டி ஒப்பு, அதாவது கையெழுத்து, கேட்டார்கள். அவர் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர். பேப்பர் மலையாளத்தில் இருந்தது. ஆபீஸ்காரங்க கேட்கிறாங்களே என்று போட்டுவிட்டார். மெஷின் ஓடும்போது நானே கவனமில்லாமல் கையை விட்டேன் என்று அதில் எழுதியிருந்ததைப் பிறகு பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த முருகேஸ்வரிதான் அவருக்கு வாசித்துக் காட்டினாள். மெஷினின் மூடி ஆறு மாசமாக உடைந்து கிடந்தது தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். மகள்தான் அந்தப் பேப்பரைச் சுக்குநூறாகக் கிழித்தாள். கிழித்தது நகல். ஒரிஜினல் ஆபீஸில் பத்திரமாக இருந்தது.

கப்பலில் ஐந்தாவது வருஷம். 5126 என்ற கேபினில் வலதுபக்க மேல்கட்டிலின் பூட்டு தேய்ந்துபோயிருந்தது. இறக்கி வைத்திருந்தால் பயமில்லை. இரும்புக் கையும் பட்டையும் தாங்கிக்கொள்ளும். மடக்கி வைத்தால்தான் ஆபத்து. டக்கென்று சத்தம் கேட்கும், பூட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், ஆனால் நாக்கு முழுசாக உள்ளே போகாது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தானாக விழும். கீழ்க்கட்டிலில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் தலையில் விழும்.

புகார்களைக் குறிக்கும் பராதிப் புத்தகத்தில் முருகேஸ்வரி எழுதினாள். எதிரே 'சரி செய்யப்பட்டது' என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் பூட்டில் எண்ணெய் மட்டும் வழிந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி அதே பதில். மூன்றாவது தடவை பேனாவை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது.

அவளுடைய சூப்பர்வைசர் சுவக்கீன் கோவாக்காரர். பெரிய மீசை, சிரித்த முகம். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். தமிழ் தெரியாது, இங்கிலீஷும் இந்தியும் கலந்துதான் பேசுவார்.

"பூட்டு மும்பையிலிருந்து வரணும் முருகேஸ்வரி. வரும்."

"வர்ற வரைக்கும் அந்த கேபினை அடைச்சு வைங்க சார்."

"பூஜை லீவு. கப்பல் முழுக்க ஆள். ஒரு கேபினை அடைச்சா மேலே இருக்கிறவங்க என்னை அடைச்சிடுவாங்க."

அப்படியென்றால் அந்தக் கட்டிலைப் பகலிலும் இறக்கியே வைக்கிறேன் என்றாள். சுவக்கீன் சிரித்தார். பகலில் மேல்கட்டில் தொங்கினால் கேபின் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும், பரிசோதனைக்கு வருகிறவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள் என்றார். முருகேஸ்வரி கேட்கவில்லை. இறக்கியேதான் வைத்தாள்.

அந்த அக்டோபர் பயணத்தில், லட்சத்தீவுப் பக்கம் போய்த் திரும்பும் நாலு நாளுக்கு, 5126-க்கு வந்தது பொள்ளாச்சியை அடுத்து எல்லை தாண்டி உள்ள வடகரப்பதியிலிருந்து ஒரு குடும்பம். தோப்பும் காடும் உள்ள விவசாயக் குடும்பம். கோகுல்நாத், அவர் மனைவி செல்வப்பிரியா, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், கோகுல்நாத்தின் அம்மா சரஸ்வதியம்மாள். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது.

தாளில், கீழே இரண்டையும் சேர், மேலே இரண்டையும் இறக்கு என்று இருந்தது. அதாவது பெரியவள் ஏணியில் ஏற வேண்டும். சரஸ்வதியம்மாள் ஏணியைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"ஏண்டா, நான் இதுல ஏறித் தேங்கா பறிக்கோணுமா?"

செல்வப்பிரியா முருகேஸ்வரியிடம் திரும்பினாள். "அத்தைக்குக் கீழ்க்கட்டில் வேணும்னு ஏஜெண்டுகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னோமுங்க. தனியா பிரிச்சுப் போட முடியுமுங்களா?"

தாளை மாற்ற வேண்டுமென்றால் வரவேற்பு மேசைக்கு எழுதிக் கேட்க வேண்டும். முருகேஸ்வரி கேட்கவில்லை. கொக்கியைக் கழற்றி, இரண்டு கட்டிலையும் இழுத்துப் பத்து நிமிஷத்தில் பிரித்துப் போட்டாள். குளியலறைக்குப் பக்கம் என்று சரஸ்வதியம்மாள் வலதுபக்கத்தைக் கேட்டாள். மேலே இருந்த கட்டிலைக் காட்டி முருகேஸ்வரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அம்மா, இதை யாரும் மடக்க வேண்டாம். பூட்டு கெட்டுக் கெடக்கு. இறங்கியே இருக்கட்டும். உக்காரும்போது மட்டும் தலையைப் பாத்துக்கோங்க."

"செரிம்மிணி. நீ எந்தூரு?"

"பீர்மேடு."

"அட, நம்ம சில்லா இல்லீனாலும் நம்ம பேச்சு," என்று சரஸ்வதியம்மாள் சந்தோஷப்பட்டாள். கையிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு எள்ளுருண்டை கொடுத்தாள்.

கோகுல்நாத்துக்குத்தான் பொருந்தவில்லை. போட்டோவில் பார்த்த அறை வேறு, இது ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது என்றார். ஒரே கேபினில் நாலு பேர் என்று பதிவு செய்தவரே அவர்தான். மறுநாள் காலையில் வரவேற்பு மேசைக்குப் போன் போட்டு, பகலிலும் கட்டில் தொங்குகிறது, நிமிர்ந்து நிற்க இடமில்லை, வேலை செய்கிற பெண் மடக்க மறுக்கிறாள் என்று புகார் சொன்னார். அரை மணியில் சுவக்கீன் வந்தார். அப்போது முருகேஸ்வரி நாலு கதவு தள்ளி வேறு கேபினில் குளியலறை கழுவிக்கொண்டிருந்தாள். கோகுல்நாத்தும் மனைவியும் மகளும் மேல்தளத்துக்குப் போயிருந்தார்கள். கேபினில் சரஸ்வதியம்மாள் மட்டும்.

அவள் வேண்டாம் வேண்டாம் என்று தமிழில் சொன்னாள். சுவக்கீன் சிரித்துக்கொண்டே கட்டிலைத் தூக்கி மடக்கினார். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கடல் கொஞ்சம் புரண்டது. சரஸ்வதியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். மேல்கட்டில் விழுந்து அவளுடைய இடது தோளில் இறங்கியது. காறையெலும்பு இரண்டாக உடைந்தது.

அலறலைக் கேட்டு முதலில் ஓடி வந்தது முருகேஸ்வரிதான். கட்டிலைத் தன் முதுகால் தூக்கி நிறுத்தி, பெரியவளை இழுத்து வெளியே எடுத்தாள். கப்பல் டாக்டர் ஊசி போட்டுத் தோளைக் கட்டினார். அதற்குள் மேலிருந்து இறங்கி வந்த கோகுல்நாத், வராந்தாவில் அழுக்கு விரிப்புகளோடு நின்ற முருகேஸ்வரியைப் பார்த்தார். போகிற வருகிற எல்லாரும் கேட்கும்படி கத்தினார்.

"பீர்மேட்டு லயத்துல பொறந்ததுகளைக் கூட்டியாந்து கப்பல்ல வேலைக்கு வெச்சா இப்பிடித்தான் ஆகும்! ஒரு கட்டிலைப் பூட்டத் தெரியாதா உனக்கு?"

பயணிகள் என்ன சொன்னாலும் பதில் பேசக் கூடாது என்பது கப்பல் சட்டம். முருகேஸ்வரி பேசவில்லை. கையிலிருந்த விரிப்பைப் பிடித்த பிடியில் நகம் துணியைக் கிழித்துக்கொண்டு போனது. "அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறக்காம நின்னேன் பாரு, அதுக்காகத்தான் இன்னைக்கும் எனக்கு என் மேலயே கோவம்" என்று என்னிடம் பிறகு சொன்னாள்.

சாயங்காலம், கப்பலில் அறைகளுக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பான ஹோட்டல் மேனேஜரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவக்கீனும் அங்கே நின்றார். மேசையில் இங்கிலீஷில் அடித்த ஒரு தாள். காலையில் மேல்கட்டிலை மடக்கியபோது பூட்டைச் சரிபார்க்க மறந்துவிட்டேன் என்று அவள் சொல்வதாக அதில் இருந்தது.

"இதில் கையெழுத்துப் போட்டால் ஒரு எச்சரிக்கையோடு முடிந்துவிடும். வேலை இருக்கும்," என்றார் மேனேஜர்.

"நான் மடக்கவே இல்ல சார். மடக்குனவர் இங்கதான் நிக்கிறாரு."

சுவக்கீன் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு தடவை எழுதியிருக்கேன். புத்தகத்தை எடுங்க."

புத்தகம் வந்தது. புத்தம் புதிது. முதல் பக்கத்தில் முந்தின நாள் தேதி. பழையது தீர்ந்துவிட்டது, எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும் என்றார்கள். வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்பதால் அவள் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்திருக்கவும் இல்லை.

மேனேஜர் பேனாவை நீட்டினார். முருகேஸ்வரி அதை வாங்கி, தாளின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகக் கிழித்தாள். பிறகு பேனாவை மூடி மேசை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கொச்சியில் அவளை இறக்கிவிட்டார்கள். கவனக்குறைவால் பயணிக்குக் காயம் ஏற்படுத்தியவர் என்று ஒரு குறிப்பும் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒப்பு போட்டியா?"

"இல்லப்பா."

"அப்பச் சாப்பிடு."

அஜய் அப்படி இல்லை. "விட்டுத் தொலை. இங்க ரிசார்ட்ல வேலையா கெடைக்காது?" என்றான். தப்புச் செய்யாமல் தப்புச் செய்தவள் பேரோடு இருக்கச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு அவனோடு ஒரு வாரம் பேசவில்லை. வேறு கப்பல் கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டாள். குறிப்பைப் பார்த்ததும் எல்லாரும் கதவை மூடினார்கள். கொச்சியில் கப்பல் தொழிலாளர்களுக்காக வாதாடும் ராஜசேகர் என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புத்தகம் இல்லை. கூட நின்னவங்க யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அடிபட்ட அம்மா சொன்னா மட்டும்தான் நிக்கும்," என்றார்.

பிப்ரவரியில் ஒரு நாள் விடிகாலையில் கிளம்பி, குமுளி இறங்கித் தேனி, பழனி வழியாகப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து பஸ் மாறிக் கொழிஞ்சாம்பாறை வந்து, ஆட்டோ பிடித்து வடகரப்பதி போனாள். மதியம் தாண்டிவிட்டது. கோகுல்நாத் வீடு எதுவென்று கேட்டதுமே காட்டினார்கள். தென்னந்தோப்புக்குள் மாடி வீடு. அவரே வாசலில் சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சீருடை இல்லாததால் முதலில் அவளை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"இங்க எதுக்கு வந்தே?"

"அம்மாவப் பாக்கணும்."

"பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அதெல்லாம் முடிஞ்சு போச்சு. கம்பெனிக்காரன் வந்து பேசி எழுதி வாங்கிட்டுப் போயிட்டான்."

"என்ன எழுதி வாங்கினாங்க?"

அவர் மறுபடி குழாயைச் சுருட்டத் தொடங்கினார். உள்ளேயிருந்து வந்து நின்ற செல்வப்பிரியாதான், புருஷன் முகத்தைப் பார்க்காமல், சொன்னாள்.

"வேலைக்காரப் பொண்ணோட அஜாக்கிரதைதான் காரணம்னு எழுதிக் குடுத்திருக்காருங்க. அதுக்குப் பதிலா அடுத்த வருசம் இன்னொரு தடவை இலவசமா கூட்டிட்டுப் போறாங்களாமா. பால்கனி வெச்ச கேபின், ரெண்டு. அத்தைக்குத் தனியா, பெரிய கட்டிலோட."

இந்தத் தடவை முருகேஸ்வரி பேசாமல் நிற்கவில்லை.

"ஏன் சார், ஒரு பெரிய கட்டிலுக்காக என் பேரை எழுதிக் குடுத்தீங்களா? மடக்கச் சொல்லிப் போன் போட்டது நீங்க. அது கெட்டுப்போன கட்டில்னு ஏறின அன்னைக்கே உங்க முன்னாடி நின்னு சொன்னவ நான். உங்கம்மாவைக் கட்டிலுக்கு அடியிலருந்து இழுத்தெடுத்தவளும் நான். லயத்துல பொறந்ததுன்னு சொன்னீங்களே. ஆமா, லயத்துலதான் பொறந்தேன். நாங்க கூட நின்னவளைக் காட்டிக் குடுத்துட்டுக் கடலைப் பாத்துப் படுக்க மாட்டோம்."

"வெளிய போ," என்றார் கோகுல்நாத்.

"ஆருடா அது, யார வெளிய போகச் சொல்றே?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. சரஸ்வதியம்மாள் வந்தாள். இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. கதவைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். "அட, பீர்மேட்டுப் புள்ள. ஊட்டுக்குள்ள வாம்மிணி."

முருகேஸ்வரி உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெரியவளுக்கு அந்த எழுத்தும் தெரியாது, இலவசப் பயணமும் தெரியாது. கேட்கக் கேட்க அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. மகன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா கோகுலு, எந் தோள்ல உழுந்த கட்டிலப் பத்தி என்னையக் கேக்காம நீ என்னத்தடா எழுதிக் குடுத்தே?"

"அம்மா, உங்களுக்காகத்தான்…"

"எனக்காகவா? நான் கேட்டனா? மீசக்காரன் ஒருத்தன் வந்தான். வேண்டாஞ் சாமி, அந்தப் புள்ள மடக்கக் கூடாதுன்னு சொல்லீருக்குன்னு நான் சொல்லச் சொல்லத் தூக்கித் தட்டிப்போட்டுப் போனான். இத ஆஸ்பத்திரியிலயே உங்கிட்டச் சொன்னன். மருந்து மயக்கத்துல ஒளர்றன்னு சொன்னே. அப்பவே உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான எழுதுனே?"

கோகுல்நாத் குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தோப்புக்குள் நடந்தார். சரஸ்வதியம்மாள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, வக்கீல் என்ன கேட்டாரோ அதை அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள் என்றாள். செல்வப்பிரியா தன் போனை எடுத்தாள். மாமியார் பேசப் பேசப் படம் பிடித்தாள். முடிந்ததும் முருகேஸ்வரியிடம் வக்கீலின் நம்பரைக் கேட்டு வாங்கி அங்கேயே அனுப்பினாள். அவர் திரும்பி வந்தால் அழிக்கச் சொல்வார், அதற்கு முந்தி போய்ச் சேரட்டும் என்றாள். பிறகு தானும் ஒரு தாளில், முதல் நாளே அந்தப் பெண் எங்களை எச்சரித்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். முருகேஸ்வரி மோர் மட்டும் குடித்தாள். "அந்தாள் தோப்புல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரு வீட்டுச் சோறு எனக்கு எறங்காது" என்றாள் என்னிடம்.

ராஜசேகர் போட்ட மனுவின் மேல் மே மாதம் கொச்சியில் விசாரணை நடந்தது. வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். பழைய பராதிப் புத்தகம் அதற்கு அப்புறம் மூன்றே நாளில் கிடைத்துவிட்டது. அவள் எழுதிய மூன்று வரியும், அழுத்தியதில் கிழிந்த தாளும் அப்படியே இருந்தன. கம்பெனி குறிப்பை வாபஸ் வாங்கியது. வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தது. அதே கப்பலில், அதே பதினாறு கேபினில் மறுபடி வேலைக்கு வரலாம் என்றும் சொன்னது. முருகேஸ்வரி திருப்பி ஒரு கேள்வி கேட்டாள்: 5126-இல் புதுப் பூட்டுப் போட்டாயிற்றா? பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அவள் போகவில்லை.

சுவக்கீனை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அவர் ஒரு தடவை போன் செய்தார். மேலிருந்து சொன்னார்கள், எனக்கும் குடும்பம் இருக்கிறது, மன்னித்துவிடு என்றார். பூட்டை வாங்காமல் இழுத்தடித்த மேல்மட்டத்து ஆட்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. "சார், நீங்க அன்னைக்குத் தலையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வேலையில இருந்திருப்போம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவர்மேல் இருந்த கோபமும் சேர்ந்து மேலே இருப்பவர்கள் மேல் போய்விட்டது என்றாள்.

சரஸ்வதியம்மாள் தன் பேரில் தனியாகக் கம்பெனி மேல் புகார் கொடுத்திருக்கிறாள். அது நடந்துகொண்டிருக்கிறது. மகனோடு பேசுகிறாளா என்று முருகேஸ்வரி கேட்டதில்லை.

இப்போது அவள் வேறொரு கம்பெனியின் கப்பலில் இருக்கிறாள். போன வாரம் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, எடுத்த எடுப்பிலேயே பொரிந்தாள்.

"இங்க ஏணிக் காலுக்கு ரப்பர் இல்லக்கா. தரை ஈரமா இருந்தா வழுக்கும். ஏறுறது பூரா சின்னப் பிள்ளைங்க. நேத்து எழுதிப் போட்டேன். நீ அதிகமா எழுதுறேன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. ரப்பர் வந்தா நிறுத்துறேன் சார், வராட்டி தினமும் எழுதுவேன்னு சொல்லிட்டேன்."

"கோபப்படாமச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"கோவப்படாமச் சொன்னா யாரு கேக்கிறா?" என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இன்னும் ஒன்பது கேபின் பாக்கி இருக்கிறது என்று போனை வைத்தாள்.